அப்பா சொன்னதும் நான் சொன்னதும்

இல்லக்கா, இதுவும் நம்ம வண்டி இல்ல. நிறம் மட்டும்தான் ஒண்ணு. சாவிய அழுத்தினா எங்கயோ சத்தம் கேக்குது பாரு, அது மேல் மாடியா கீழ் மாடியானுதான் புரியல. சிரிக்காத. நிறுத்தும்போது தூண்ல இருந்த நம்பரப் பார்த்து மனசுல பதிய வெச்சுக்கிட்டுதான் வந்தேன். மூணுல ஆரம்பிக்கும். நீ வர்ற பதட்டத்துல மிச்சம் மறந்துபோச்சு. குடு, ட்ராலிய நான் தள்றேன். பத்தொன்பது வருஷம் கழிச்சு அக்கா வந்திருக்கா, அவளப் பெட்டியும் கையுமா கார் நிறுத்தற இடத்தச் சுத்திக் காட்டிட்டு இருக்கேன். இந்த ஊர்ல முதல்ல பார்க்கவேண்டிய இடம் இதுதான்னு வெச்சுக்கோ.

அந்த அட்டையப் பத்தியா. அதயும் கேட்டுட்டியா. வாராவாரம் வீடியோல பார்க்கிற மூஞ்சிதான், ஆனா போன்ல நீ எப்பவும் கழுத்து வரைக்கும்தானே இருப்ப. நீ உயரமா குட்டையா, எப்படி நடப்ப, ஒண்ணும் தெரியாது எனக்கு. கூட்டத்துல விட்டுட்டா என்ன பண்றதுனு பயந்துபோய் அட்டைல பெருசா அக்கானு எழுதிப் புடிச்சேன். நாலு பொம்பளைங்க திரும்பிப் பார்த்தாங்க. ஒரு அம்மா கிட்ட வந்து, யார் வீட்டுப் பொண்ணும்மா நீனு விசாரிச்சாங்க. என் அக்காவத் தேடறேன்னேன். காணாமப் போயிட்டாளானு கேட்டாங்க. இல்ல, இப்பதான் வர்றானு சொன்னேன்.

இதோ. இதான். பின்னாடி கண்ணாடில கீறல் இருக்கே, அது நான் சுவத்துல இடிச்சது. வை உள்ள. என்னக்கா இவ்ளோ கனம், அம்மிக்கல்லா. சரி சரி, வாய மூடிக்கறேன், அம்மாதானே கேட்டிருப்பாங்க.

உக்காரு. சீட்ட பின்னாடி தள்ளிக்கோ, கால் நீட்டிக்கலாம். அம்மாவா. அடுப்புகிட்ட நிக்கிறாங்க. மூணு நாளா அங்கயேதான் நிக்கிறாங்க. அப்பாவும் வீட்லதான் இருக்காரு. நீ கேக்கலதான், நானாத்தான் சொல்றேன். வரேன்னு காலைல கிளம்பினாரு. சட்டைய மூணு தடவ தேய்ச்சாரு. சலவை கம்பெனில பத்தொன்பது வருஷமா ஹோட்டல் படுக்கை விரிப்பத் தேய்ச்ச மனுஷன், ஒரு சட்டைல மடிப்பு போகலனு அதோட மல்லுக்கட்டறாரு. அப்புறம் செருப்ப மாட்டினாரு, கழட்டினாரு. நீ போய்ட்டு வாம்மா, இறங்கினதும் என் மூஞ்சிலதான் முழிக்கணுமா அவ, வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பார்க்கட்டும்னாரு.

பார்த்தியா, அப்பா பேர எடுத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிட்ட. அங்க சுவருதான்க்கா இருக்கு.

வண்டிய இப்ப எடுக்கல. வீட்டுக்கு நாப்பது நிமிஷம் ஆகும், அதுக்குள்ள அப்பாவப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லியாகணும். பேசிக்கிட்டே ஓட்டினா நான் வேற ஊருக்குப் போயிடுவேன், போயிருக்கேன். அதனால இங்கயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாம். பாத்ரூம் போகணும்னா சொல்லு. இல்லையா, சரி.

நீ அவர்கிட்ட ரெண்டு வாக்கியத்துக்கு மேல பேசறதில்லையே, நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன், போன அம்மாகிட்ட குடுங்க, அத நான் தப்புனு சொல்லவே இல்ல. உன் இடத்துல நான் இருந்தா முதல் வாக்கியத்துக்கே போக மாட்டேன். உனக்குப் பதினொண்ணு. ஒரே வருஷத்துல கூப்பிட்டுக்கறோம்னு அத்தை வீட்ல விட்டுட்டு, ஏழு வயசுக் கழுதைய மட்டும் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. அப்புறம் பதினெட்டு முடிஞ்ச அன்னிக்கு உனக்குச் செய்தி வருது. குழந்தைகள் எத்தனைங்கற கட்டத்துல ஒண்ணுனு இருந்த படிவத்துல உங்கப்பா பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டாரு, இனிமே பெத்தவங்க பேர்ல உன்னைக் கூப்பிட முடியாதுனு. யாருக்குத்தான் ஆறும். கல்யாணத்துக்கு அவர் வரவேணாம்னு நீ சொன்னப்ப அம்மா கூட உன் பக்கம்தான். அப்பாவும் உன் பக்கம்தான். நியாயம்தானேம்மானு சொல்லிட்டு அம்மாவோட பெட்டிய அவரே கட்டிக் குடுத்தாரு. லீவு கிடைக்கலனு நானும் வரல.

என்ன, என் தமிழா. கிண்டல் பண்ணிக்கோ, பரவால்ல. ஏழு வயசுக்கு மேல என் காதுல விழுந்த தமிழெல்லாம் அம்மாவோடது. அதனால நான் வாயத் திறந்தா நாப்பது வயசுப் பொம்பளை பேசற மாதிரி இருக்கும். கோபம் வந்தா, உன்னைப் பெத்த வயித்துல பெரண்டய வெச்சுக் கட்டனு வருது. நான் யாரையும் பெக்கல. வெளில பேசற பாஷைல நான் இதுக்கு நேர் எதிர். மன்னிச்சுக்கோங்க, பரவால்லைங்க, ரொம்ப நன்றிங்க, இந்த மூணுலயே எனக்குப் பொழுது ஓடிடும். அந்தப் பாஷைல இதுவரைக்கும் ஒருத்தரையும் திட்டினதில்ல, ஒரு சண்டை போட்டதில்ல. ரெண்டு பாஷை தெரிஞ்ச பொண்ணுனு அம்மா பெருமையா சொல்லிக்கிறாங்க. ஒண்ணுல நான் கிழவி, ஒண்ணுல ஊமை.

வேலையா. வேலை பரவால்ல. காப்பீட்டு கம்பெனி. ஜனங்க நிரப்பி அனுப்பற படிவத்துல எல்லாக் கட்டமும் ஒழுங்கா இருக்கானு பார்க்கணும். ஒண்ணு விட்டுப்போனாலும், முன்னுக்குப் பின் முரணா இருந்தாலும் திருப்பி அனுப்பிடணும். யார்கூடவும் பேசத் தேவையில்ல. போன வருஷம் பிழையே விடாத ஊழியர்னு ஒரு கண்ணாடிக் கோப்பை குடுத்தாங்க. அத வாங்கறதுக்கு மேடை ஏறணும்னு சொன்னதும் அன்னிக்கு லீவு போட்டுட்டேன். தபால்ல வந்துச்சு.

ஆனா அது ரெண்டாவது உத்தியோகம்தான். முதல் உத்தியோகம் எட்டு வயசுல ஆரம்பிச்சது. இந்த ஊர் பாஷை அப்பாவுக்கும் வரல, அம்மாவுக்கும் வரல. எனக்கு ஸ்கூல்ல ஆறே மாசத்துல ஒட்டிக்கிச்சு, சின்னப் புள்ளைங்களுக்குச் சளி ஒட்டிக்கிற மாதிரி. அன்னிலேர்ந்து ஆஸ்பத்திரி, ஸ்கூல், வீட்டுக்காரர், மின்சார ஆபீஸ் எங்க போனாலும் நடுவுல ஒரு குட்டி நாற்காலி, அதுல நான். அவங்க சொல்றத இவங்ககிட்ட சொல்லணும், இவங்க சொல்றத அவங்ககிட்ட.

கேளு. டீச்சர் அம்மாவ வரச் சொன்னாங்க. டீச்சர் சொன்னது என்னன்னா, உங்க பொண்ணு வகுப்புல வாயே திறக்கறதில்ல, யாரோடயும் சேரறதில்ல, எங்களுக்குக் கவலையா இருக்கு. நான் அம்மாகிட்ட சொன்னது, நான் சத்தமே போடறதில்லையாம், யார் வம்புக்கும் போறதில்லையாம். அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. எல்லாம் உங்க முன்னாடிதான் டீச்சர், வீட்ல சரியான வாலு, ஒரு வாய் சாப்பிட வைக்கிறதுக்குள்ள உயிர் போகுது, தப்பு பண்ணா ரெண்டு போடுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்னு கைய ஆட்டி ஆட்டிப் பேசினாங்க. நான் டீச்சர்கிட்ட, அம்மா நன்றி சொல்றாங்கனு முடிச்சேன். இவ்ளோ நேரம் பேசினாங்களே, நன்றி மட்டும்தானானு கேட்டாங்க டீச்சர். எங்க பாஷைல நன்றி சொல்ல அவ்ளோ நேரமாகும்னேன். பாவம், நம்பிட்டாங்க.

டாக்டர்கிட்ட இன்னும் மோசம். அம்மாவுக்கு அடிவயித்துல வலி. டாக்டர் ஏதோ கேட்டாரு, எனக்குப் பாதி புரியல. புரிஞ்ச பாதிய அம்மாகிட்ட கேட்டேன். இதெல்லாம் புள்ளகிட்ட எப்படிச் சொல்றதுனு அம்மா முந்தானைய வாயில வெச்சுக்கிட்டாங்க. நீ பொதுவா வலினு சொல்லுடினாங்க. பொதுவானு எப்படிச் சொல்றது. எனக்குத் தெரிஞ்ச ஒரே வலி தலைவலிதான், அதச் சொல்லிட்டேன். ரெண்டு மாசம் அம்மா வயித்து வலிக்குத் தலைவலி மாத்திரை சாப்பிட்டாங்க. கடைசில தானாச் சரியாச்சு. அந்த டாக்டர் கைராசிக்காரர்னு இன்னிக்கும் எல்லார்கிட்டயும் சொல்றாங்க.

ஆனா என்னோட சாதனைனா அது கீழ் வீட்டுக்காரர்தான். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. நம்ம வீட்ல நடக்கிற சத்தம் அவர் தலைல இடி மாதிரி விழுதுனு ஒரு நாள் மேல வந்து கத்தினாரு. அப்பா விடுவாரா. நாங்க என்ன பறந்தா போக முடியும், இவனுக்கு வேற வேலை இல்லையானு கேளும்மா, போடானு சொல்லும்மானு ஒரே ஆட்டம். எனக்குப் பத்து வயசு கூட இல்ல, ரெண்டு பேர் நெஞ்சுக்கும் நடுவுல மூச்சு முட்ட நிக்கிறேன். அவர்கிட்ட சொன்னேன், அப்பா மன்னிப்பு கேக்கறாரு, இனிமே மெதுவா நடப்பாராம். அப்பாகிட்ட சொன்னேன், அவர் மன்னிப்பு கேக்கறாருப்பா, அவர் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லையாம், அதான் பதட்டமா வந்துட்டாராம்.

அவருக்குக் கல்யாணமே ஆகல.

அப்பா அப்படியே உருகிட்டாரு. அடடா முன்னாடியே சொல்லக்கூடாதானு அம்மா சமைச்சத ரெண்டு கிண்ணத்துல போட்டுக் குடுத்தனுப்பினாரு, அந்த இல்லாத சம்சாரத்துக்கு. அவர் கிண்ணத்தக் கழுவித் திருப்பிக் குடுத்தாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் மாடிப்படில பார்த்தா நெஞ்சுல கை வெச்சு வணக்கம் வெக்கிறாங்க. எதிராளிதான் முதல்ல இறங்கி வந்தான்னு ரெண்டு பேருக்கும் நினைப்பு. இப்பவும் அப்பா எப்பயாவது கேப்பாரு, அந்தம்மா எப்படி இருக்காங்கனு. தேவலையாம்பானு சொல்லி வெச்சிருக்கேன். அந்தம்மாவச் சாகடிக்க எனக்கு மனசு வரல.

நீ சிரிக்கிறது வீடியோல பார்க்கிற மாதிரி இல்லக்கா. உடம்பெல்லாம் குலுங்குது.

இதுல ஒரு பழக்கம் வந்துடுச்சு எனக்கு. ஒருத்தர் சொன்னதுல பாதிய உருவிட்டு, நம்ம சரக்குக் கொஞ்சம் சேர்த்து, அடுத்தவங்க கைல குடுத்தா எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போறாங்க. யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். வகுப்புல வாயே திறக்காத பொண்ணுக்கு அந்தக் குட்டி நாற்காலில என்ன திமிர்ங்கற.

கடைசில வீட்டுக்குள்ளயும் அதே வேலை வந்துச்சு. உனக்குப் பதினெட்டு முடிஞ்சு அந்தக் கடிதம் வந்துச்சே, அன்னிலேர்ந்து அம்மா அப்பாகிட்ட நேரா பேசறதில்ல. தெரியாதா உனக்கு. போன்ல எப்படித் தெரியும், போன்ல எல்லாரும் சிரிச்சுக்கிட்டுதானே இருப்போம். பன்னெண்டு வருஷமாச்சு. ஒரே மேஜைல உக்காருவாங்க. சோறு ஆறுதுனு உங்கப்பாகிட்ட சொல்லுடினு அம்மா சொல்லுவாங்க. அப்பா மூணு அடி தள்ளி இருப்பாரு, காதுல நல்லா விழும், ஆனா நான் சொல்றவரைக்கும் அசைய மாட்டாரு. அப்பா, சோறு ஆறுதாம்பேன். இதோ வரேன்னு சொல்லும்மாம்பாரு. இதோ வராராம்மா. தமிழ்லேர்ந்து தமிழுக்கு. இதுலயும் நான் கைவரிசைய விடல. அவருக்கென்ன, நல்லா கொட்டிக்கட்டும்னு அம்மா சொன்னா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கச் சொல்றாங்கப்பாம்பேன். எல்லாத்தையும் கேட்டுட்டு இருக்கிற மனுஷன், சரி, போடச் சொல்லும்மானு தட்ட நீட்டுவாரு.

வேலை கிடைச்சதும் தனியா ஒரு ரூம் எடுத்துக்கலாம்னு நினைச்சேன். பார்த்தும் வெச்சேன், ஜன்னலோட. அப்புறம் நான் போயிட்டா சோறு ஆறினத யார் சொல்றதுனு விட்டுட்டேன்.

இரு, போலாம். அம்மா காத்துட்டு இருப்பாங்கனு தெரியும். போன எடுக்காத, நான் சொல்லிடறேன் அவங்ககிட்ட. ஆமா, சுத்தி வளைக்கிறேன்தான். நேரா சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்.

அந்த ஆபீஸப் பத்திச் சொல்றேன். இந்த ஊர்ல தங்கறதுக்குக் காகிதம் குடுக்கற ஆபீஸ். எனக்கு ஒம்பது முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. உள்ள நுழைஞ்சதும் ஒரு மெஷின், அதுல சீட்டு கிழிச்சுக்கிட்டு உக்காரணும். நாற்காலியெல்லாம் ஒரே இரும்புக் கம்பில கோத்திருக்கும், கோடில ஒருத்தர் கால ஆட்டினா வரிசையே ஆடும். நாங்க போனது அது மூணாவது தடவ. முதல் தடவ ஒரு காகிதம் குறையுதுனு திருப்பி அனுப்பினாங்க. ரெண்டாவது தடவ அதிகாரி லீவு. ஒவ்வொரு தடவையும் அப்பா கம்பெனில கெஞ்சிட்டு வரணும், அந்த மேஸ்திரி வேற ஒரு மாதிரி ஆளு.

அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க ஸ்கூல்ல நாடகம். நான் மேகம். மொத்தம் மூணு மேகம், அதுல நான் மூணாவது. ஒரே ஒரு வரி வசனம். ஆனா அத நானாக் கையத் தூக்கிக் கேட்டு வாங்கினேன், என் வாழ்க்கைல முதல் தடவையா. அம்மா ஒரு பழைய தலகாணியப் பிரிச்சு, பஞ்ச ஒட்டி மேகச் சட்டை தெச்சுக் குடுத்தாங்க. நேரமாகிடுமோனு அத ஸ்வெட்டருக்குள்ள மாட்டிக்கிட்டேதான் ஆபீஸுக்கே போனேன். அப்பா பக்கத்துல குண்டு பூசணிக்கா மாதிரி உக்காந்திருக்கேன், கழுத்து வழியாப் பஞ்சு பிதுங்குது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. ஜலதோஷம் அவங்களுக்கு, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தடவ மூக்கச் சிந்துவாங்க. அவங்களே கேட்டுக் கேட்டுப் படிவத்த நிரப்பினாங்க. பேரு, பிறந்த தேதி, வேலை, வீடு. எல்லாம் ஒழுங்காத்தான் சொன்னேன். கடிகாரம் ஒண்ணே காலத் தாண்டிடுச்சு. அப்பதான் கேட்டாங்க, குழந்தைங்க எத்தனைனு.

நான் அப்பாகிட்ட கேட்டேன். அப்பா நாற்காலி நுனிக்கு வந்துட்டாரு. எங்களுக்கு ரெண்டு பொண்ணுங்கம்மானு ஆரம்பிச்சாரு. மூத்தவ எங்க தங்கச்சி வீட்ல இருக்கா, அவள மாதிரி ஒரு புள்ளைய நீங்க பார்த்திருக்க மாட்டீங்க, படிப்புல முதல், கணக்குல நூத்துக்கு நூறு, தண்ணி கேட்டா செம்போட நிப்பா, அவளுக்கும் சேர்த்து காகிதம் குடுங்க, அவ வந்தாதான் எங்க வீடு வீடாகும். அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாதுனு தெரிஞ்சும் அவங்க கண்ணப் பார்த்துப் பார்த்துப் பேசறாரு. மூணு நிமிஷம் இருக்கும். பேசி முடிச்சிட்டு என் தலையத் தொட்டு, இது சின்னதுனாரு.

என்ன சொல்றாரு உங்க அப்பானு அந்தம்மா என்கிட்ட கேட்டாங்க.

நாடகத்துக்கு நேரமாச்சுனுதான் அப்படிச் செஞ்சேன்னு எனக்கு நானே ரொம்ப வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தேன். அது பொய்யில்ல. இன்னொரு பொண்ணு இருக்குனு சொன்னா அது எங்க இருக்கு, யார் பார்த்துக்கறாங்க, பிறந்த சான்றிதழ் எங்கனு அடுக்கடுக்கா வரும். உன் சான்றிதழ அத்தை இன்னும் அனுப்பல. இன்னொரு நாள் வாங்கனுதான் முடியும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனா அது மட்டும் இல்லக்கா. எங்க ரூம்ல ரெண்டு கட்டில், ஒண்ணுல விரிப்பு கலையக்கூடாது, அது அக்காவோடது. புதுத் துணி எடுத்தா முதல்ல உன் அளவு, அக்கா வந்தா போட்டுக்குவா. நான் ஏதாவது கீழ போட்டா, உங்க அக்காவா இருந்தா இப்படிச் செய்வாளா. உன்னோட சண்டை போடவும் முடியாது, நீதான் இல்லையே. இல்லாத ஒருத்தியோட மல்லுக்கட்டி ஒருத்தி எப்படி ஜெயிக்கிறது.

ஒண்ணுனு சொல்லிட்டேன்.

அவங்க எழுதிக்கிட்டாங்க. அவ்ளோதான், பேனா ஒரு கோடு. அப்பாவுக்கு அது போதல. சட்டைப் பையிலேர்ந்து உன் போட்டோவ எடுத்தாரு, ரெட்டைச் சடை போட்டு நீ வாசப்படில நிப்பியே, அது. கண்ணாடிக்குக் கீழ இருக்கிற சந்து வழியாத் தள்ளினாரு. இது யாருனு அந்தம்மா கேட்டாங்க.

நான்தான்னேன்.

போட்டோவப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. ரொம்ப அழகா இருக்கியேனு சிரிச்சாங்க. அதுக்கு முன்னாடி என்னை யாரும் அப்படிச் சொன்னதில்ல. அன்னிக்கும் சொல்லல, அது உன்னைத்தான் சொன்னாங்க. பஸ்ல திரும்பி வரும்போது அப்பாவுக்குக் கால் தரையில படல. பார்த்தியா, அக்கா போட்டோவப் பார்த்ததும் அந்தம்மா முகம் எப்படி மலர்ந்துச்சு, இனிமே காரியம் முடிஞ்ச மாதிரிதான்னு வழியெல்லாம் சொல்லிட்டு வந்தாரு.

இரு, முழுசா சொல்லிடறேன். அப்புறம் நீ என்ன வேணா பண்ணு. உனக்காக மூணு தடவ விண்ணப்பம் போட்டோம்ல. மூணுக்கும் பதில் வந்துச்சு. மூணுலயும் ஒரே கேள்வி. உங்க படிவத்துல ஒரு குழந்தைனு இருக்கு, இந்தப் பொண்ணு யாரு, தப்பா எழுதியிருந்தா விளக்கம் குடுங்க, பரிசீலிக்கிறோம். விளக்கம்தான்க்கா கேட்டாங்க. வரவேணாம்னு சொல்லல. வீட்ல கடிதம் படிக்கிறது யாரு. வரிசை நீளமா இருக்காம், காத்திருக்கச் சொல்றாங்கனு படிச்சுக் காட்டினேன். முதல் தடவ எனக்குப் பத்து வயசு. கடைசித் தடவ பதிமூணு. பத்து வயசுக்குப் பயம்னு சொல்லிக்கலாம். பதிமூணுக்கு என்ன சொல்றதுனு இன்னும் தேடிட்டு இருக்கேன்.

அதுக்கப்புறம் உனக்கு வயசு தாண்டிடுச்சு. இனிமே முடியாதுனு வந்த கடிதத்தோட அந்தப் பழைய படிவத்தையும் நகல் எடுத்து வெச்சிருந்தாங்க. அத மறைக்க முடியல, கீழ அப்பா கையெழுத்து இருக்கு, அது அவருக்கே தெரியும். இதுல ஒரு குழந்தைனு இருக்காம்பா, அதான் முடியாதுங்கறாங்கனு சொன்னேன்.

அப்பா அந்தத் தாள ரொம்ப நேரம் பார்த்தாரு. தான் என்ன சொன்னோம்னு அவருக்கு மறந்திருக்குமா. மூணு நிமிஷம் உன்னைப் பத்திப் பேசின மனுஷன். நடுவுல யார் உக்காந்திருந்தாங்கனு மறந்திருக்குமா. என் பக்கம் திரும்பவே இல்ல. தாள நாலா மடிச்சு அம்மாகிட்ட குடுத்து, நான்தான் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னாரு.

அவருக்கு அன்னிலேர்ந்து தெரியும்க்கா. ஒரு நாள் கூட என்கிட்ட கேட்டதில்ல. அம்மா பேசாததையும் வாங்கிக்கிட்டாரு, உன் கல்யாணத்துக்கு வராம இருந்ததையும் வாங்கிக்கிட்டாரு. இன்னிக்குக் காலைல குழாயத் திறந்து விட்டுட்டு பாத்ரூம்ல தனியாப் பேசிப் பார்க்கிறாரு, என்னை மன்னிச்சிரும்மா, அப்பா பார்க்காமப் போட்டுட்டேன்னு. வாசல்ல நின்னு உங்கிட்ட அதத்தான் சொல்லப்போறாரு. அத நீ அவர் வாயால கேட்டுட்டா அப்புறம் எனக்குச் சொல்ல வராது. அம்மாகிட்ட சாப்பிடும்போது நானே சொல்லிடறேன். நீ எனக்காக எதுவும் பேச வேணாம். யார் மேல கோபப்படணும்னு தெரிஞ்சுக்கிட்டு உள்ள போ, அவ்ளோதான்.

ஏதாவது சொல்லு. திட்டறதுன்னாலும் திட்டு.

என்ன.

வசனமா. அந்த நாடகத்துல, மேகத்தோட வசனத்தச் சொன்னேனானா கேக்கற.

ரெண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டேன்க்கா. மேடையும் ஏறினேன். என் முறை வந்துச்சு, எல்லாரும் என்னையே பார்த்தாங்க. எனக்கு வாயே திறக்கல. ரெண்டாவது மேகம்தான் என் வரியையும் சேர்த்துச் சொல்லுச்சு.